கோபிநத்தத்தின் இரண்டு பெயர்கள்

2000 ஜூலை 30 இரவு, கன்னட நடிகர் ராஜ்குமாரைக் காஜனூர் வீட்டிலிருந்து சந்தனமரக் கடத்தல்காரன் வீரப்பன் கடத்திக்கொண்டு போனபோது பெங்களூரு முடங்கியது. அவர் திரும்பி வர 108 நாட்களாயின. அதுவரை இந்நகரத் தமிழர்கள் அச்சத்தில் வாழ்ந்தார்கள். அப்போது பிறந்திராத பிள்ளைகள் இன்று வீரப்பனை அறிவது சினிமாவிலும் இணையத் தொடர்களிலும்தான். பெரிய மீசை, கையில் துப்பாக்கி, பின்னால் காடு. அந்தப் படம் முன்பே மனதில் பதிந்துவிட்டதால், வன்முறையாளர்களின் வரலாறு சிறுவர்களுக்கு எதற்கு என்று கேட்பதில் பொருளில்லை. எழுதத்தான் வேண்டும். ஆனால் காந்தி, காமராசர் கதைகளுக்குத் தைத்த அதே சட்டையை வீரப்பனுக்கும் மாட்டிவிடக் கூடாது.

வாழ்க்கை வரலாற்றுக்கென்று ஒரு சாய்வு உண்டு. ஏழைக் குடும்பத்தில் பிறந்தான், சிறுவயதிலேயே வேட்டை பழகினான், பிடிபட்டான், தப்பினான் என்று கதை நகரும்போது, படிக்கிற பிள்ளை அவனோடு ஓடத் தொடங்கிவிடும். துரத்துகிறவர்கள் காக்கிச் சட்டைகளாகச் சுருங்கிவிடுவார்கள். எழுதியவர் ஒரு புகழ்மொழிகூடச் சேர்க்கவில்லை என்றாலும் இது நடக்கும். இந்தியப் பதிப்பகம் ஒன்று சிறுவர்களுக்கான தலைவர்கள் நூலின் அட்டையில் காந்தி, ஒபாமா, மோடியோடு ஹிட்லரையும் நிறுத்தியது. 2018இல் யூத மனித உரிமை அமைப்பான சைமன் வீசெந்தால் மையம் கண்டித்த பிறகு அந்நூல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. உலகையே உலுக்கியவன் என்ற ஒரே அளவுகோலால் ஆட்களைப் பொறுக்கினால் அங்கேதான் போய்ச் சேருவோம்.

வீரப்பன் கதைக்கு மாற்றுவழி அவன் பிறந்த ஊரிலேயே இருக்கிறது. கர்நாடக எல்லையிலுள்ள கோபிநத்தத்தில் வந்து தங்கிய வனத்துறை அதிகாரி பி. ஸ்ரீனிவாஸ், சந்தனக் கடத்தலை ஊர்க்காரர்களின் பிழைப்போடு சேர்த்துப் பார்த்தார். மருத்துவ வசதி செய்தார், வீடுகள் கட்ட உதவினார், மாரியம்மன் கோயில் எழுப்பினார். கும்பலில் இருந்தவர்களைச் சரணடையச் செய்தார். வீரப்பனும் சரணடைவான் என்று வந்த சொல்லை நம்பி, ஆயுதமில்லாமல் காட்டுக்குள் போனார். 1991 நவம்பர் 10 அன்று கொல்லப்பட்டார். அரசு பின்னர் கீர்த்தி சக்கரம் அளித்தது. ஒரே ஊர், ஒரே காடு, ஒரே வறுமை. அதற்கு இரண்டு மனிதர்கள் இரண்டு விதமாக முகம் கொடுத்தார்கள். இருவரையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினால், சூழ்நிலைதான் அவனை அப்படி ஆக்கியது என்ற வாதத்தைப் பிள்ளைகளே எடைபோட்டுப் பார்ப்பார்கள். 1993 ஏப்ரலில் வீரப்பன் கும்பல் பாலாற்றில் வைத்த கண்ணிவெடியில் இறந்த 22 பேரும், 2002இல் அவனால் கடத்தப்பட்டுப் பிணமாகக் கிடைத்த கர்நாடக முன்னாள் அமைச்சர் நாகப்பாவும் அதே நூலில் இடம்பெற வேண்டியவர்கள்.

இவ்வளவு கொடுமை பிஞ்சு மனதுக்குத் தாங்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கொன்ற விதத்தை விவரிக்க வேண்டியதில்லை. கொல்லப்பட்டவர் யார், அவரை எதிர்பார்த்து யார் காத்திருந்தார்கள் என்று சொன்னால் போதும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. வீரப்பனைத் தேடிய காவல்துறை அதிரடிப்படையின் கொடுமைகளைச் சொன்னால் வீரப்பனுக்கு நியாயம் கற்பித்ததாகிவிடும் என்கிறார்கள். மறைத்தால்தான் அப்படி ஆகும் என்பது என் எண்ணம். அந்தப் படையின் மாதேஸ்வரன் மலை முகாமில் அப்பாவி மலைவாழ் மக்கள் சித்திரவதைப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவைக் கொண்டு விசாரித்து, 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. நூலில் இல்லாத இந்தச் செய்தியைப் பிறகு வேறெங்கோ கேட்கும் பிள்ளை, நூல் சொன்ன மற்றதையும் நம்பாது. வீரப்பனுக்கும் காவல்துறைக்கும் நடுவே சிக்கிய அந்த மக்களை மறந்துவிட்டு, வீரப்பன்தான் அவர்களின் காவலன் என்று நினைத்துக்கொள்ளும்.

2004 அக்டோபர் 18 அன்று பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுடப்பட்டதோடு எல்லாக் கதைகளும் முடிந்துவிடுகின்றன. சிறுவர் நூலுக்கு அதன் பிறகும் ஓர் அத்தியாயம் வேண்டும்: இழப்பீட்டுக்குக் காத்திருந்த மலைக் கிராமங்கள் ஒருபுறம், ஸ்ரீனிவாஸின் படத்தைத் தெய்வத்தோடு வைத்துக் கோபிநத்தத்து மக்கள் கும்பிடும் மாரியம்மன் கோயில் மறுபுறம்.