குன்றின் மேல் ஒரு நாகை வாயில்

ஸ்காட்லாந்து நாட்டின் பெருநிலக்கிழார்களுடைய பண்ணைகளுக்குச் செல்வோர் முதலில் காண்பது மாளிகையை அன்று. வாயிலையும் அதனை ஒட்டிய சிறு காவல் வீட்டையுமே. பெரும்பாலும் ஒரே தளம் கொண்ட கல் வீடு. வருவோரைத் தொலைவிலேயே கண்டுகொள்ளப் பாதையை நோக்கிய சன்னல்கள். வண்டி ஓசை கேட்டதும் கதவைத் திறக்க முற்காலத்தில் அங்கே ஒரு குடும்பம் இருந்தது. உள்ளிருப்பவரின் செல்வாக்கை வாசலிலேயே உணர்த்திவிடுவது அக்கட்டடக் கலையின் நோக்கம்.

ஆனால் காவல் வீடு இல்லாத, கதவும் இல்லாத வாயில் ஒன்றும் அங்குண்டு. நாட்டின் வடபுறத்தில், ஆல்னெஸ் என்னும் ஊருக்கருகே, 453 மீட்டர் உயரமுள்ள ஃபைரிஷ் குன்றின் உச்சியில் அது நிற்கின்றது. நடுவே வளைவுகள், இருமருங்கிலும் கோபுரம் போன்ற தூண்கள். எந்த மாளிகைக்கும் வழிவிடாத இவ்வாயில், நமது நாகப்பட்டினத்துக் கோட்டை வாயிலின் சாயலில் எழுப்பப்பட்டது என்றால் வியப்பாக இல்லையா?

எழுப்பியவர் நோவார் பண்ணையின் உரிமையாளர் சர் ஹெக்டர் மன்றோ. (சென்னையில் குதிரைமீது சிலையாக அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு.) 1781 நவம்பரில், டச்சுக்காரர்களும் ஹைதர் அலீயின் படையினரும் சேர்ந்து காத்து நின்ற நாகையை இவர் கைப்பற்றினார். மறு ஆண்டே, 1782-இல், குன்றின் மேல் வாயில் எழுந்தது. அதற்கு முந்திய 1780-இல், பொள்ளிலூரில் ஹைதரின் படை ஆங்கிலப் படைப்பிரிவொன்றை அழித்தபோது, இதே மன்றோ பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அந்தத் தோல்விக்கு எந்தக் குன்றிலும் நினைவுச் சின்னம் இல்லை!

வறுமையில் வாடிய ஊராருக்குக் கூலி கிடைக்கவே அவர் இதனைக் கட்டுவித்தார் என்று அப்பகுதியில் கூறுவர். மேலே கொண்டுவந்த கற்களை அவரே கீழே உருட்டிவிட்டு, மீண்டும் சுமக்கச் செய்து கூடுதல் கூலி கொடுத்தாராம். ஈகை என்று இதனைப் போற்றுவோர் உளர். எனக்கோ, அந்தக் கற்களால் அவர்களுக்கே வீடுகள் கட்டியிருக்கலாமே என்று தோன்றுகின்றது.

பத்தாண்டுகள் கழிந்தன. விளைநிலங்களும் மேய்ச்சல் நிலங்களும் ஆட்டுப் பண்ணைகளாக மாறின. 1792-இல் அவ்வட்டார மக்கள் பண்ணையார்களின் ஆடுகளை ஆயிரக்கணக்கில் திரட்டி வெளியே ஓட்டிச் செல்ல முயன்றனர். இராணுவம் வந்து அவர்களைக் கலைத்தது.