இரண்டு 64-களும் சமமா?

2021 நவம்பரில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் மீண்டும் பள்ளிக்கு வரத் தொடங்கிய நேரம். சதவீதப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "தடுப்பூசி போட்டவங்களுக்கும் கொரோனா வந்துச்சே சார், அப்புறம் எதுக்கு ஊசி?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா ஒரு மருத்துவமனையில் தூய்மைப் பணியாளர். உடன் வேலை செய்த இருவர் ஊசி போட்ட பிறகும் தொற்று வந்து படுத்ததைப் பார்த்தவர். அதனால் அவர் போட்டுக்கொள்ளவில்லை.

நியாயமான கேள்வி. "எல்லாரும் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள்" என்பது அதற்கு விடையாகாது. மறுநாள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வின் எண்களைக் கரும்பலகையில் எழுதினேன்.

நம் நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசிப் பணி மருத்துவப் பணியாளர்களிடமிருந்தே தொடங்கியது. நோயாளியின் மூச்சுக்கும் இருமலுக்கும் மிக அருகில் நாள் முழுவதும் நிற்பவர்கள் அவர்கள்தாம். வேலூரில் பணியாற்றிய சுமார் 10,600 பேரில் பெரும்பாலோர் கோவிஷீல்டு போட்டுக்கொண்டனர். இரண்டாம் அலையின்போது அவர்களில் யார் யாருக்குத் தொற்று வந்தது என்று கணக்கெடுக்கப்பட்டது.

இரண்டு தவணையும் போட்டவர்கள் 7,080 பேர். தொற்று வந்தவர்கள் 679; மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 64.

ஒரு தவணையும் போடாதவர்கள் 1,609 பேர். தொற்று வந்தவர்கள் 438. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 64.

"ஊசி போட்டவங்களுக்குத்தான் சார் அதிகமா வந்திருக்கு! ரெண்டு பக்கமும் 64 வேற!" என்றது வகுப்பு. "எத்தனை பேரில் 64?" என்று மட்டும் கேட்டேன். தொகுதி ஒன்றுதான், பகுதி வேறு. மாணவர்களே கணக்கிட்டார்கள். போட்டவர்களில் மருத்துவமனைக்குச் சென்றவர்கள் 0.9%, போடாதவர்களில் 4%. தொற்று 9.6%, 27.2%. ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள் போட்ட 7,080 பேரில் 4 பேர். போடாத 1,609 பேரில் 11 பேர்.

ஊசி போட்டவருக்கும் ஏன் தொற்று வருகிறது? மூக்கில் நுழையும் கிருமியை வாசலிலேயே தடுக்கும் பூட்டு அல்ல தடுப்பூசி. அந்தக் கிருமியை உடலின் எதிர்ப்பாற்றலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டிவைக்கிறது. உண்மையான கிருமி வரும்போது உடல் விரைவாகச் செயல்படுவதால், நுரையீரல் வரை நோய் முற்றுவது குறைகிறது. அதனால்தான் முகக்கவசமும் தேவைப்பட்டது.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொன்னேன். இது ஒரே மருத்துவமனையின் சில மாதக் கணக்கு. ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் வயதிலும் வேலையிலும் ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே சதவீதத்தைப் பார்த்த பிறகும் 'வேறு காரணம் இருக்குமா?' என்று கேட்கப் பழக வேண்டும்.

அந்த மாணவி அட்டவணையை நோட்டில் எழுதிக்கொண்டு போனாள். வீட்டில் அம்மாவை உட்காரவைத்து வகுத்துக் காட்டினாளாம். அடுத்த வாரம் வந்து, "அம்மா முதல் ஊசி போட்டாச்சு சார். கை மட்டும் வலிக்குதாம்" என்றாள்.

ஆசிரியர் நண்பர்களே, செய்தியில் வரும் எந்த எண்ணையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். "எத்தனை பேரில்?" என்ற கேள்வியை மாணவர்கள் கேட்கட்டும்.