மரம் நட்டால் மானுக்கு ஆபத்து!
கிண்டி காட்டில் 12 மாசமும் வேலை

திருவல்லிக்கேணியில் பஸ் ஏறி அடையார் வழியாகக் கிண்டிக்குப் போகிறவர்கள், சர்தார் படேல் ரோட்டில் ஒரு நீளச் சுவரைப் பார்ப்பார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் காடு!

அதுதான் கிண்டி தேசிய பூங்கா. கவர்னர் மாளிகைக் காட்டில் இருந்து பிரிந்தது. 1978-ல் தேசிய பூங்கா ஆனது. பரப்பு சுமார் 670 ஏக்கர். நாட்டிலேயே மிகச் சிறிய தேசிய பூங்காக்களில் ஒன்று.

"அதான் சுவர் எழுப்பியாச்சே. அப்புறம் என்ன வேலை?" என்று கேட்பீர்கள்.

வருஷம் பூராவும் வேலைதான்!

தண்ணீர்த் தொட்டி

சித்திரை, வைகாசியில் குளங்கள் வற்றும். மான்கள் தண்ணீருக்குத் தவிக்கும். தொட்டிகளை நிரப்பி வைக்க வேண்டும். சருகு காய்ந்து கிடக்கும். அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும், காடு பற்றிக்கொள்ளும்!

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். புல்லோடு களையும் முளைக்கும். புயல் வந்தால் சொல்லவே வேண்டாம். 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் விழுந்து வேலி உடைந்தால் தெருநாய் உள்ளே புகும். மான் குட்டிக்கு அதுதான் எமன்.

வெளிமான் கதை

இங்கே இரண்டு வகை மான் உண்டு. புள்ளிமான் மர நிழலில் ஒதுங்கும். அதன் கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும்.

வெளிமான் அப்படி இல்லை. கொம்பு உதிராது. பெயருக்கு ஏற்றபடி அதற்கு வெட்டவெளி வேண்டும். எதிரி வருவதைத் தூரத்திலேயே பார்த்து ஓடிப் பிழைக்கிற ஜாதி. இங்கே அதற்கு இருக்கும் பெரிய புல்வெளி, பழைய போலோ மைதானம்.

அந்தப் புல்வெளியில் சீமைக்கருவேலமும் புதரும் ஏறினால், வெளிமானுக்கு இடம் போச்சு! அதனால் புதரை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நல்லெண்ணத்தில் மரக்கன்று நட்டாலும் அதே கதிதான். ஊருக்கெல்லாம் நல்லது, இந்த மைதானத்துக்கு ஆகாது!

வயிற்றில் பிளாஸ்டிக்

இந்த ஏரியாவில் செத்துப்போன மான்களை அறுத்துப் பார்த்தபோது, வயிற்றில் பிளாஸ்டிக் பை இருந்தது உண்டு. உப்பு, சாப்பாட்டு வாசனைக்காகப் பையோடு மென்று விடுகிறது.

வேலியை ஆள் வைத்துச் சரி பண்ணலாம். தொட்டியை லாரி வைத்து நிரப்பலாம். பஸ் ஜன்னல் வழியாக நாம் வீசும் பைக்கு யார் காவல் நிற்பது?