ஆறு பவுணும் ஒரு தொலைகாட்டியும்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் படத்தைப் பார்த்த வாப்பா, "ஆடிக்குப் பவுண் பூசியிருக்கிறார்களே, வீண்விரயம் இல்லையா மகள்?" என்று கேட்டார். பௌதிகவியல் படிக்கும் நான், "பளபளப்புக்காக இருக்கும்" என்றேன். அது பிழை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உலோகத்துக்குள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் திரியும் இலத்திரன்கள் ஏராளம். ஒளி ஒரு மின்காந்த அலை. அது மேற்பரப்பில் விழுந்ததும் இந்த இலத்திரன்கள் அதனோடு சேர்ந்து அதிர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இதுவே தெறிப்பு. வெள்ளி, கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரேயளவில் தெறிக்கச் செய்கிறது. பொன் அப்படியல்ல. நீலத்தையும் ஊதாவையும் பெருமளவு உறிஞ்சிவிடும். உம்மாவின் காப்பு மஞ்சளாக மின்னுவது நீலத்தை விழுங்கிவிட்டுத்தான்!

பொன்னை மிக மெல்லிய தாளாக அடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இன்னொரு வியப்பு. அதனூடாகப் பச்சை ஒளி தெரியும். மைக்கேல் பரடே 1857இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஆக, உலோகத்தினூடாக ஒளி போகாது என்பது தடிப்பைப் பொறுத்த கதை. சந்திரனில் நடந்தவர்களின் தலைக்கவசத்தில் முகத்துக்கு முன்னால் இருந்த மறைப்பிலும் மெல்லிய பொன்பூச்சு இருந்தது. வெளியே பார்க்கப் போதிய ஒளியை விட்டு, வெப்பக் கதிரை அது திருப்பியனுப்பியது.

அந்த வெப்பக் கதிர்தான் செந்நிறக்கீழ்க் கதிர். மிகத் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களின் ஒளி, பிரபஞ்சம் விரிவதால் அலைநீளம் கூடி இந்தக் கதிராகவே நம்மை வந்தடைகிறது. 2021இல் ஏவப்பட்ட வெப் அதைப் பிடிக்கவே கட்டப்பட்டது. பொன் இக்கதிரில் நூற்றுக்கு 98 பங்கு வரை தெறிக்கச் செய்யும். வெள்ளியும் செய்யும்தான், ஆனால் அது கறுத்துப்போகும். 1990இல் ஏவிய ஹபிள் தொலைகாட்டியின் ஆடிக்கோ அலுமினியம் பூசினார்கள். அது கழியூதாக் கதிரையும் பார்க்கவேண்டியிருந்தது. அங்கே பொன் உதவாது.

சரி, எவ்வளவு பொன்? பூச்சின் தடிப்பு 100 நனோமீற்றர். ஆடியின் 18 துண்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 48 கிராம். பவுணுக்கு 8 கிராம் என்று கணக்குப் போட்டு வாப்பாவிடம் சொன்னேன்.

"ஆறு பவுண்தானா?" என்றார் வாப்பா.

குசினியிலிருந்து உம்மாவின் குரல் வந்தது: "போன மாதக் கலியாணத்தில் மணமகள் கழுத்தில் மட்டும் அதைவிடக் கூட இருந்ததே!"