உஷார்! பந்தல் பிரித்த பிறகுதான் ஆபத்து

சாவு வீட்டில் யார் அதிகமாக அழுகிறார்களோ அவர்களைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். சோடா உடைத்துக் கொடுப்பதும் விசிறுவதும் மடியில் சாய்த்துக்கொள்வதும் அங்கேதான் நடக்கும். மூலையில் நாற்காலி போட்டு, அழாமல், வந்தவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரைப் பாருங்கள். தயவுசெய்து அவரைப் பாருங்கள்.

அம்மா இறந்தபோது எங்கள் அப்பா அப்படித்தான் இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பாடை கட்டுகிறவருக்குக் காசு எடுத்துக் கொடுத்தார், ஊருக்குத் தகவல் போய்விட்டதா என்று கேட்டார். "அண்ணன் கல்லு மாதிரி நிக்காருலே. ஆம்பளல்லா, தாங்கிருவாரு" என்றார் சித்தப்பா. நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதை நம்பினோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது, பந்தல் பிரித்தார்கள், பாத்திரக்காரர் அண்டாவை எண்ணி எடுத்துப் போனார். மறுநாள் நாங்களும் பஸ் ஏறிவிட்டோம். இருபத்து மூன்றாம் நாள் காலை, பால்காரர் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. குளியலறை வாசலில் அப்பா விழுந்து கிடந்தார்.

"கடைசியா எப்ப பிரஷர் மாத்திரை போட்டாரு?" என்று டாக்டர் கேட்டார். மூன்று பேருக்கும் பதில் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். அம்மா கடைசியாக வாங்கி வைத்த மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டபடி, ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தன. இருபது வருஷமாக, காலையில் காபி டபராவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடியில் அம்மா இரண்டு மாத்திரையைப் போட்டு வைப்பார், அப்பா எடுத்துப் போட்டுக்கொள்வார். எந்த மாத்திரை எதற்கு என்றுகூட அவருக்குத் தெரியாது. அம்மா போனார், மூடியும் வரவில்லை. வீடு நிறைய ஆள் இருந்த பதினாறு நாளும் இது நடந்திருக்கிறது, எங்கள் கண் முன்னாலேயே. அப்பா பிழைத்துக்கொண்டார். இடது கைதான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1969-ல் இங்கிலாந்தில் ஒரு ஆய்வு வெளியானது. மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களை வருஷக்கணக்கில் கவனித்தார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே இறப்பு, அதே வயதுள்ள மற்ற ஆண்களைவிடச் சுமார் 40 விழுக்காடு அதிகம். பெரும்பகுதி இதய நோயால். "ஆம்பளை தாங்கிருவாரு" என்பது எவ்வளவு ஆபத்தான பேச்சு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்காக, மாரடைப்பு வந்து பிழைத்த ஏறத்தாழ 2,000 பேரிடம் விசாரித்திருந்தார்கள். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைவிட 21 மடங்கு கூடியிருந்தது. அதாவது, நாம் பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஓடிக்கொண்டிருக்கும் அதே 24 மணி நேரம்.

பெண்களுக்கு இன்னொன்று. அதிர்ச்சியில் இதயத்தின் கீழ்ப்பகுதி பலூன் போல உப்பி, சரியாகச் சுருங்காமல் போகும். ஜப்பான் டாக்டர்கள் 1990-ல் இதற்கு டகோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கிற பானையின் பெயர் அது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கே அதிகம் வருகிறது. மாரடைப்பு போலவே நெஞ்சு வலிக்கும், மூச்சு வாங்கும். அழுத களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். நெஞ்சைப் பிடித்தால் உடனே 108.

பதினாறு நாள் துக்கம் என்று பெரியவர்கள் வைத்ததில் பொருள் இருந்தது. அத்தனை நாளும் அந்த வீட்டில் அடுப்பு எரிய யாராவது இருந்தார்கள். இப்போது லீவு இல்லை என்று மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துக் கிளம்புகிறோம். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, நானும் பந்தல் பிரித்த மறுநாளே கிளம்பியவன்தான். ஆனால் கிளம்பும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். இறந்தவர் இந்த வீட்டில் யாருக்கு என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று உட்கார்ந்து யோசியுங்கள். மாத்திரை யார் எடுத்துக் கொடுத்தது? இன்சுலின் யார் போட்டது? ராத்திரி எழுந்தால் லைட் போட்டது யார்? அந்த வேலைக்கெல்லாம் பெயர் சொல்லி ஆள் வைத்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். துக்கத்தில் இருப்பவர் கேட்க மாட்டார். "செவ்வாய்க்கிழமை இட்லி மாவோட வாரேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி போங்கள். இறந்தவர் பேச்சை எடுத்தால் அழுவாரே என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறோம். எங்கள் அப்பாவிடம் அம்மாவின் மீன்குழம்பைப் பற்றி பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் பேசினார், இரண்டு மாதம் கழித்து. அன்றுதான் அப்பா அழுதார். அன்றைக்குத்தான் இரண்டு கை சோறு கூடச் சாப்பிட்டார்.

ஒரு வருஷம் பண்டிகை கிடையாது என்பதால் பொங்கலன்று அந்த வீட்டுப் படி ஏறத் தயங்குவோம். அந்த நாளில்தான் தனிமை மென்னியை நெரிக்கும். போங்கள்.

பேப்பரிலும் கவனம் வேண்டும். மாதம் ஒன்று ஆகும் முன் "இதுல ஒரு கையெழுத்து மட்டும்" என்று யார் வந்தாலும், உறவானாலும், படித்துப் பார்க்காமல் போட விடாதீர்கள். விடுதலைப் பத்திரத்தில் போட்ட கையெழுத்தை லேசில் திரும்ப வாங்க முடியாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பெயரும் போன் நம்பரும் ஊரறிய இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930-க்குப் போன் போடுங்கள்.

"நானும் அவ கூடவே போயிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், "அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். சாகணும் போல இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நகையை, வாட்சை மற்றவர்களுக்கு எடுத்து எடுத்துக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். வயல் வீடாக இருந்தால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பூட்டுங்கள். அன்றிரவு அவரைத் தனியே படுக்க விடாதீர்கள். 104-லும் 14416-லும் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த மாதம் உங்கள் தெருவில் எந்த வீட்டில் பந்தல் பிரித்தார்கள்? இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே போய், அடுப்பு எரிகிறதா, மாத்திரை அட்டை பிரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.