குரல் எட்டும் தூரம்

ஆடலுக்கும் நாடகத்துக்கும் கட்டிடம் எழுப்பப் புகுந்தவன் முதலில் அளக்க வேண்டியது மனையை அன்று. நடிகனின் குரல் எட்டும் தூரத்தையும், அவன் முகபாவம் கண்ணுக்குப் புலப்படும் தூரத்தையுமே என்பதைப் பழைய சாஸ்திரகாரர்கள் ஐயமின்றி உணர்ந்திருந்தார்கள். பரத முனிவர் அரங்குகளுக்கு மூன்று வடிவமும் மூன்று அளவும் விதித்துவிட்டு, 64 முழ நீளமும் 32 முழ அகலமும் உடைய நடுத்தர அரங்கே மனிதர்க்கு உகந்தது, அதற்கு மிஞ்சினால் வசனம் தெளிவிழக்கும், முகத்தின் ரஸமும் மங்கும் என்று காரணத்தோடு கூறுகிறார். இளங்கோவடிகளோ இன்னும் நுட்பமானவர். மாதவி ஆடிய அரங்குக்கு ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேற்பலகைக்கும் ஆடும் பலகைக்கும் இடையே நான்கு கோல், வாயில் இரண்டு என்று வகுத்ததோடு நில்லாமல், தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கும் முறையையும், மூவகை எழினிகளையும் அரங்கேற்று காதையில் சொல்லிவிடுகிறார். ஒப்பந்தப் பத்திரம் எழுதும் பொறியாளர்கள் அதை ஒருமுறை படித்தால் நஷ்டமில்லை.

இந்தப் பிரமாணங்களை நம் காலத்தில் மதித்த கட்டிடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. 1936-இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திரத்துக்கு, திருவான்மியூர் வளாகத்தில், கேரளக் கோயில்களின் கூத்தம்பல மரபைத் தழுவி, பொறியியலும் கூடியாட்டமும் ஒருங்கே அறிந்த அப்புக்குட்டன் நாயர் வகுத்துக் கொடுத்த அரங்கம் அது. கலையை அறிந்தவன் கையில் அளவுகோல் இருந்தமையே அதன் சிறப்பு என்பது என் அபிப்பிராயம்.

கடல் கடந்தால், 2002-இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் இருக்கிறது. முள் முளைத்த அதன் கூரையைக் கண்டு ஊரார் டுரியான் பழம் என்று பெயரிட்டார்கள். ஆயினும் அதன் மகிமை உள்ளே, இசைக்கேற்ப நாத எதிரொலியைக் கூட்டவும் குறைக்கவும் கச்சேரி மண்டபத்தைச் சுற்றி அமைத்த அறைகளில்தான் இருக்கிறது.

ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட எங்கள் திமிரி வட்டாரத்துக்கு இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் நாட்களில், பகலில் பிரசங்கமும் இரவில் கூத்துமாக ஊர்வெளி முழுதும் அரங்காகிவிடுகிறது. இருவர் திரை பிடிக்க, பின்னே ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் முழங்க, மூன்று புறமும் கூடிய ஜனங்களை நோக்கிக் கட்டியங்காரன் சுற்றிவந்து பேசுகிறான். அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியில் ஏறிப் பாடுகிறான். கடைசியில், மண்ணால் பிடித்துப் படுக்க வைத்த பிரம்மாண்டமான துரியோதனன்மேலேயே படுகளம் நடக்கிறது. மரம் ஏறுகிறவனுக்கும் மண்மேல் சாய்கிறவனுக்கும் இடந்தரும் மூடிய மண்டபத்தை நான் அறியேன்.

இவ்வளவு இருந்தும், ‘கலையரங்கம்’ என்று ஊர்தோறும் எழுந்திருப்பவை மூன்று புறமும் சுவர் அடைத்த கான்கிரீட் பெட்டிகளே. கூத்தாடுகிறவர் அவற்றை ஒதுக்கிவிட்டு முன்னாலுள்ள மண்தரையில் ஆடுவது நியாயமே. இனி இவ்வட்டாரத்தில் எவரேனும் அரங்கம் கட்ட முனைந்தால், வரைபடம் போடுமுன் ஒரு கூத்தை விடியும்வரை உட்கார்ந்து பார்க்கட்டும். கூத்து வாத்தியாரைக் கலந்து அளவு குறிக்கட்டும்.