முகமும் பெயரும்: கோயாவின் செப்புத்தகட்டு ஓவியம்

செப்புத்தகட்டின் மெழுகுப் பூச்சில் ஊசியாற் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரித்தபின் மைதடவி அச்சிடும் ஓவியமுறை ஒன்றுண்டு. எஹலியகொடவில் இறப்பர்ப் பாலை உறையச் செய்வதும் ஓர் அமிலமே; இங்கோ வேறோர் அமிலம் கோட்டை ஆழமாக்குகின்றது.

இம்முறையில் இசுபானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட ‘லொஸ் கப்ரிச்சோஸ்’ தொகுதியின் 80 படங்களுள் முதலாவது அவர்தம் முகமே. உயர்ந்த தொப்பி; பக்கவாட்டுத் தோற்றம்; தாழ்ந்த இமை; இறங்கிய இதழ்க்கடை. இது செருக்கோ? அன்று. பின்வரும் படங்கள் சமுதாயத்தின் மடமையையும் மூடநம்பிக்கையையும் எள்ளுவன. எள்ளுபவர் யாரென்பதை அவர் மறைத்தாரல்லர். அரண்மனை ஓவியராயிருந்தும் அப்பதவியைக் குறியாது, பெயருடன் ‘ஓவியர்’ என்று மட்டுமே பொறித்தார். வரும் பழியைப் பதவியின் நிழலில் ஒதுங்காது தாமே ஏற்க முன்னின்றமையே இப்படத்தின் பொருளென்பது எம் கருத்து.

பிறரைக் கண்டித்தெழுதிப் பெயரிடத் தயங்குவோர் இம்முகத்தை ஒருமுறை நோக்குதல் நன்று.